ஓவியரின் ஊர் ஓவியத்தில் எங்கே இருக்கிறது?

"அவர் புலம்பெயர்ந்தவர், அதனால்தான் படத்தில் இவ்வளவு ஏக்கம்." கண்காட்சிக் குறிப்புகளிலும் பத்திரிகை விமர்சனங்களிலும் இப்படியொரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'அதனால்தான்' எப்படி வேலை செய்கிறது? ஒருவர் பிறந்த இடம், பேசிய மொழி, விட்டுவந்த வீடு, இவையெல்லாம் எந்த வழியாகக் கோடாகவும் வண்ணமாகவும் மாறுகின்றன? இதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "எல்லாம் ரத்தத்தில் ஊறியது" என்பது ஒன்று. "படத்தில் அவர் நாட்டு உடை இருக்கிறதே, கொடி இருக்கிறதே" என்பது இன்னொன்று.

இரண்டுமே எனக்குப் போதவில்லை. முதலாவது ஓவியரின் உழைப்பை மறைத்துவிடுகிறது. இரண்டாவது நம்மைப் படம் பார்க்க விடாமல் பொருள்களை எண்ண வைக்கிறது. உண்மையில் நடப்பது இவற்றைவிட எளிமையானது, அழகானதும் கூட. படிப்படியாகப் பார்ப்போம்.

இருட்டில் சுவிட்சைத் தேடும் கை

வீடு மாறிய எல்லோருக்கும் இது தெரியும். புது வீட்டில் முதல் சில வாரம், இரவில் எழுந்தால் கை தானாகவே பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த இடத்துக்குப் போகும். அங்கே வெறும் சுவர்தான் இருக்கும். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. பழைய வீட்டை நினைத்து நாம் அப்போது ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த வீடு நம் உடம்புக்குள் ஒரு பழக்கமாக மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓவியரின் கையும் அப்படித்தான். எந்த இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், வெற்றிடம் எவ்வளவு விடலாம், ஒரு முகத்தை நேராகக் காட்டுவதா பக்கவாட்டிலா என்பதையெல்லாம் அவர் கலைப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே ஓரளவு கற்றுவிடுகிறார். வீட்டுச் சுவர்கள், துணிகள், வழிபாட்டிடங்கள், கடைப் பலகைகள் எல்லாம் சேர்ந்துதான் கற்றுக்கொடுக்கின்றன. ஒருவர் தன்னை யாரோடு சேர்த்து எண்ணுகிறார், எந்த மொழி, நம்பிக்கை, பழக்கங்களைத் தன்னுடையவை என்கிறார் என்பதற்குத்தான் பண்பாட்டு அடையாளம் என்று பெயர். அது பிறப்புச் சான்றிதழில் அச்சாகி வருவதில்லை. சேர்ந்துகொண்டே போகும், சில நேரம் உதிரும்.

இப்போது அந்தக் கையை இன்னொரு நாட்டில் கொண்டுபோய் வையுங்கள். சுவிட்ச் இருந்த இடத்தில் சுவர் இருக்கிறது. ஊரிலேயே இருந்தவருக்குத் தன் பழக்கம் ஒரு பழக்கம் என்றே தெரியாது. இடம் மாறியவருக்குத்தான் அது முதல்முறையாகத் தெரிகிறது. அதை வைத்துக்கொள்வதா, மாற்றிக்கொள்வதா, புதியதோடு கலப்பதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பும் அப்போதுதான் வருகிறது. ரத்தம் செய்யாததை இந்தத் தீர்மானங்கள் செய்கின்றன.

கைக்கு ஏழு விரல் ஏன்?

"காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுகிறாள்" என்று நாம் சொல்கிறோம். ஓர் ஓவியர் இதை அப்படியே வரைந்தால் எப்படி இருக்கும்? இரண்டு கால்களிலும் சக்கரம் கட்டிய ஒரு பெண். தமிழ் தெரிந்தவர் பார்த்ததும் சிரித்துவிடுவார். தெரியாதவர், "என்ன ஒரு கனவுலகக் கற்பனை!" என்று வியப்பார்.

மார்க் ஷகாலுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். இன்றைய பெலாரஸில் உள்ள விடெப்ஸ்க் நகரத்தில், ஈடிஷ் மொழி பேசும் யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். பிறந்தது 1887இல். இருபதுகளின் தொடக்கத்தில் பாரிஸுக்குப் போனார். 1912–13 வாக்கில் தன்னையே ஒரு படமாக வரைந்தார். அதில் அவருடைய ஒரு கையில் ஏழு விரல்கள் இருக்கின்றன. ஈடிஷில் 'ஏழு விரல்களாலும்' ஒரு வேலையைச் செய்வது என்றால் முழு மூச்சாகச் செய்வது என்று பொருள். அவர் ஒரு சொலவடையை வரைந்திருக்கிறார். ஊருக்கு மேலே கிழவர் மூட்டையோடு மிதக்கும் அவருடைய இன்னொரு காட்சியையும் பலர் இப்படியே படிக்கிறார்கள். வீடுவீடாகப் போகும் இரவலரை 'வீடுகளின் மேலாக நடக்கிறவர்' என்று சொல்லும் ஈடிஷ் வழக்கு அதில் இருக்கிறது.

அந்த ஏழு விரல் படத்தைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். ஜன்னலில் ஈஃபில் கோபுரம் தெரிகிறது. எதிர்ப்பக்கம், தலைக்கு அருகே ஒரு மேகத்துக்குள் விடெப்ஸ்க். சுவரில் 'பாரிஸ்', 'ரஷ்யா' என்று ஹீப்ரு எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அவருடைய முகமும் உடம்பும் பட்டை தீட்டியதுபோல் கோணம் கோணமாக உடைந்திருக்கின்றன. அது அன்றைய பாரிஸ் ஓவியர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது. ஆக, விஷயம் ஊருடையது, உடைக்கும் முறை பாரிஸுடையது, விரல் கணக்கு தாய்மொழியுடையது. மூன்றும் ஒரே சட்டகத்துக்குள்.

ஓவியர் சொல்ல வந்ததைச் சொல்லக் கையாளும் உருவங்கள், நிறங்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்சி மொழி என்பார்கள். இடம் மாறிய ஓவியருக்குக் காட்சி மொழி இரண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசுகிறவர்போல அவர் வரைகிறார். எந்தச் சொல்லுக்கு எந்த மொழி சட்டென்று வருகிறது என்பதில்தான் அவருடைய தனித்தன்மை தெரிகிறது.

இதுவரை பார்த்தது இரண்டு. ஊர் முதலில் பழக்கமாக உடம்பில் தங்குகிறது. இடம் மாறியதும் அந்தப் பழக்கம் கண்ணுக்குத் தெரிந்து, ஓவியர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு மொழியாகிறது.

ஒரு புகைப்படம், ஒரு ஏப்ரன்

அடுத்தது நினைவு. எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போவேன்.

அர்ஷில் கார்க்கி என்ற பெயரில் உலகம் அறிந்த ஓவியரின் இயற்பெயர் வோஸ்தானிக் அதோயன். ஒட்டோமான் பேரரசில், வான் ஏரிக்கு அருகே பிறந்த ஆர்மீனியர். 1912இல் அவரும் அம்மாவும் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள், அமெரிக்கா போயிருந்த அப்பாவுக்கு அனுப்ப. சிறுவன் நிற்கிறான், கையில் பூக்கள். அம்மா உட்கார்ந்திருக்கிறார், மடியை மறைக்கும் நீண்ட ஏப்ரன். 1915இல் ஆர்மீனிய இனப்படுகொலை தொடங்கியது. குடும்பம் அகதியாக யெரெவானுக்குப் போனது. 1919இல் அம்மா அங்கே பட்டினியால் இறந்தார். அடுத்த ஆண்டு பையன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தான்.

அங்கே அவர் பெயரை மாற்றிக்கொண்டார். தான் எழுத்தாளர் மக்சீம் கார்க்கிக்கு உறவு என்றார், ஜார்ஜியாக்காரர் என்றார். ஆர்மீனியர் என்ற அடையாளத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் 1926 வாக்கில் அந்தப் பழைய புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். இரண்டு பெரிய ஓவியங்கள். ஒன்று இப்போது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இன்னொன்று வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. ஒன்றில் சுமார் பத்து வருடம், மற்றதில் அதற்கும் மேல், விட்டு விட்டு வேலை செய்தார். வண்ணம் காய்ந்ததும் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்குவார், மறுபடி பூசுவார், மறுபடி சுரண்டுவார்.

இந்தப் படங்களில் அம்மாவின் கைகளைப் பாருங்கள். விரல் இல்லை. மங்கலான வெளிறிய இரண்டு திட்டுகள், அவ்வளவுதான். முகத்தை அத்தனை கவனமாக வரையத் தெரிந்தவருக்குக் கை வரையத் தெரியாமல் போகவில்லை. புகைப்படத்தில் ஏப்ரனில் பூவேலை இருக்கிறது. ஓவியத்தில் அதுவும் இல்லை, வெறும் பரப்புதான். புகைப்படம் கொடுத்த விவரங்களை வேண்டுமென்றே கைவிட்டிருக்கிறார். தொடக் கிடைக்காத ஒருவரின் கையை எப்படி வரைவது என்ற கேள்வி அந்த வெள்ளைத் திட்டுகளில் அப்படியே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கதை அங்கே முடியவில்லை. 1944இல் அவர் முற்றிலும் அரூபமான ஓர் ஓவியம் வரைந்தார். அரூப ஓவியம் என்றால் கண்ணால் காணும் உருவங்களை அப்படியே காட்டாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டுமே பேசுவது. வண்ணம் நீர்த்து வழிகிறது, வடிவங்கள் மிதக்கின்றன. அம்மாவும் இல்லை, ஆர்மீனியாவும் இல்லை. தலைப்பு மட்டும் சொல்கிறது: என் அம்மாவின் பூவேலை செய்த ஏப்ரன் என் வாழ்வில் விரிவது எப்படி. முப்பது வருடத்துக்கு முந்தைய ஏப்ரன் அது. பொருள்களை எண்ணும் கண்ணுக்கு இந்தப் படத்தில் ஒன்றுமே அகப்படாது.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதும் இங்கே தெரிகிறது. சின்ன வயதில் பெரிதாகத் தெரிந்த வீட்டைப் பிறகு போய்ப் பார்த்தால் சிறுத்திருக்கும். ஊரிலேயே இருப்பவருக்கு நினைவைச் சரிபார்த்துக்கொள்ள வழி உண்டு. திரும்ப முடியாதவருக்கு அது இல்லை. நினைவில் விழுந்த ஓட்டைகளை அவர் கற்பனையால் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் கார்க்கிபோல ஓட்டையை ஓட்டையாகவே விட வேண்டும். இரண்டுமே கலை முடிவுகள்.

போகாத பயணத்தை வரைவது

சரி, தானே இடம்பெயராதவர்? பெற்றோர் பெயர்ந்து வந்த இடத்தில் பிறந்து வளர்ந்தவர்?

1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். ஒரே நாட்டுக்குள் நடந்த பெயர்வு என்றாலும், நிறவெறிக் கொடுமையிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பிய பயணம் அது. ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் பெற்றோரும் தெற்கிலிருந்து வந்தவர்கள்: அம்மா வர்ஜீனியாக்காரர், அப்பா தென் கரோலினாக்காரர். லாரன்ஸ் 1917இல் வடக்கே பிறந்தார். பதின்மூன்று வயதில் நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்தார். அங்கே சுற்றியிருந்த எல்லோர் பேச்சிலும் 'யார் வந்தார்கள், யாருக்கு வீடு கிடைத்தது' என்பதுதான். 1940–41இல், இருபத்து மூன்று வயதில், அந்தப் பெயர்வை 60 சிறு பலகைகளில் வரைந்து முடித்தார். அதற்கு முன் அவர் தெற்கே போய்ப் பார்த்ததே இல்லை. ஹார்லெம் நூலகத்தில் மாதக்கணக்கில் படித்தார், கேட்ட கதைகளை வைத்துக்கொண்டார்.

பெற்றோர் பட்டதைக் கேட்டுக் கேட்டே அது தன் நினைவுபோல ஆகிவிடுவதைப் பின்நினைவு என்கிறார்கள். லாரன்ஸ் அதை வரைந்த விதம் அற்புதம். 60 பலகைகளையும் பரப்பி வைத்து, ஒரு நிறத்தைக் கலந்து, அது வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போவார். அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. அதனால் முதல் பலகையில் ரயில் நிலைய வாசல்களை நோக்கி முண்டும் கூட்டத்தின் மஞ்சளும் கடைசிப் பலகையில் நடைமேடையில் காத்திருக்கும் கூட்டத்தின் மஞ்சளும் ஒரே கிண்ணத்திலிருந்து வந்தவை. தனித்தனிக் குடும்பக் கதைகளாகக் கேட்டது, பார்க்கும்போது ஒரே கதையாகிறது. முகங்கள் பெரும்பாலும் எளிய வடிவங்கள்தான். கேட்டு அறிந்த மனிதர்களுக்கு அவர் பொய்யாக முகம் வரையவில்லை. வீடெங்கும் கிடந்த பளிச்சென்ற விரிப்புகளின் வடிவங்கள்தான் தன் கண்ணைப் பழக்கின என்றும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மறுபடியும் அந்தச் சுவிட்ச் தேடும் கை.

சுருக்கமாக, நேரில் பட்டவர் நினைவை வைத்து வேலை செய்கிறார். அடுத்த தலைமுறை கேட்டதையும் படித்ததையும் வைத்து வேலை செய்கிறது.

மரபைத் தேடிப் போய்க் கற்றவர்

'ரத்தத்தில் ஊறியது' என்பவர்களுக்கு நான் அம்ரிதா ஷெர்கில்லைக் காட்டுவேன். 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அம்மா ஹங்கேரியர், அப்பா பஞ்சாபி சீக்கியர். பதினாறு வயதில் பாரிஸுக்குப் போய் முறையாக ஓவியம் படித்தார். 1932இல் வரைந்த 'இளம்பெண்கள்' முழுக்க முழுக்கப் பாரிஸ் பாணிப் படம், அங்கே அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1934 இறுதியில் இந்தியா திரும்பினார்.

திரும்பியதுமே எல்லாம் மாறிவிடவில்லை. 1935இல் வரைந்த மூன்று பெண்களின் படத்தில் ஆட்கள் இந்தியர்கள், ஒளியும் நிழலும் இன்னும் பாரிஸில் படித்தவை. திருப்பம் வந்தது 1936–37இல் அஜந்தாவைப் பார்த்த பிறகு. அங்கிருந்து தெற்கே வந்து, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் ஊன்றிப் பார்த்தார். 1937இல் வந்த 'பிரம்மச்சாரிகள்', 'மணப்பெண் அலங்காரம்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' மூன்றிலும் உருவங்கள் தட்டையாகி, கனத்து, அசைவற்று உட்கார்ந்துவிட்டன. பாதி இந்தியராகப் பிறந்தவர், இந்திய ஓவிய மரபைச் சுவர் சுவராகப் போய்ப் பார்த்துத்தான் கற்றார். 1941இல் லாகூரில் இறந்தபோது வயது 28.

எதிரே நிற்பவரின் எதிர்பார்ப்பு

இன்னொரு விசையும் உண்டு, அது ஓவியருக்கு வெளியே இருக்கிறது. தொலைதூரப் பண்பாடு என்றாலே வண்ணமயம், மர்மம், வேடிக்கை என்று ரசிப்பதை அயல்கவர்ச்சி எனலாம். வந்த நாட்டில் அதற்கு நல்ல விலை கிடைக்கும். ஊரை அழகான பொம்மையாக்கிக் கொடுத்தால் வாங்குவார்கள், அதைத் தவிர வேறு எதை வரைந்தாலும் "உங்கள் பண்பாடு எங்கே?" என்பார்கள்.

விஃப்ரெடோ லாம் இதை நேராக எதிர்கொண்டவர். கியூபாவில் 1902இல் பிறந்தவர். அப்பா சீனாவிலிருந்து வந்தவர், அம்மா ஆப்பிரிக்க, ஸ்பானிய வழியினர். ஐரோப்பாவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு 1941இல் திரும்பியபோது, ஆப்பிரிக்க வழிப் பண்பாடு சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கையாகியிருந்தது. 1942–43இல் 'காடு' என்ற பெரும் ஓவியத்தை வரைந்தார். கரும்புபோல நெடுக நிற்கும் தண்டுகள், அவற்றோடு பின்னிய உடல்கள், முகமூடி முகங்கள். இடமே விடாமல் நெருக்கி அடிக்கும் படம். அந்தக் கரும்புத் தோட்டங்களில்தான் அடிமைகள் உழைத்தார்கள். சுரண்டுபவர்களின் கனவைக் கலைக்கும் ட்ரோஜன் குதிரையாக, அதாவது பரிசுபோல உள்ளே போய்ப் பிறகு தாக்கும் குதிரையாக, தான் இருக்க விரும்பியதாக அவர் சொன்னார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1945இல் அதை வாங்கியது. ஆனால் பல காலம் அது மாட்டப்பட்டிருந்தது பார்வையாளர்கள் கோட்டைக் கழற்றி வைக்கும் அறைக்குப் பக்கத்து நடைவழியில். ஓர் ஓவியரை எந்தச் சுவரில் மாட்டுகிறார்கள் என்பதும் அவருடைய அடையாளத்தின் கதைதான்.

ஒரு படத்தின் முன்னால் நிற்கும்போது

அப்புறம், பார்ப்பவர் என்ன செய்யலாம்? படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு அட்டையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படத்தில் எது சுலபமாக வந்திருக்கிறது, எது சுரண்டிச் சுரண்டி வந்திருக்கிறது என்று பாருங்கள். எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். எந்த நிறம் அங்கே கற்றது, எது இங்கே கற்றது என்று ஊகியுங்கள், தவறானாலும் பரவாயில்லை. வாழ்க்கைக் கதை அதற்குப் பிறகு வரட்டும்.

இதைப் பழக நல்ல படங்கள் என்ஜெடேக்கா அகுன்யிலி கிராஸ்பியுடையவை. 1983இல் நைஜீரியாவில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்கா போனவர். பெரிய தாள்களில் வீட்டின் உட்புறங்களை வரைகிறார்: ஒரு மேசை, ஒரு நாற்காலி, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். நைஜீரியப் பத்திரிகைப் படங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் அச்செடுத்து, தாளின் மேல் கவிழ்த்து வைத்து, மையைக் கரைக்கும் திரவத்தைத் தடவித் தேய்ப்பார். மை இந்தத் தாளிலிருந்து அந்தத் தாளுக்கு இடம் மாறும். முழுதாக மாறாது, கொஞ்சம் வெளுத்து, அங்கங்கே உரிந்து வரும். பத்தடி தள்ளி நின்றால் அமெரிக்க வீடொன்றின் சுவரில் ஏதோ பூவேலைத் தாள் ஒட்டியிருப்பதுபோல் தெரியும். கிட்டே போனால் அந்தப் பூவேலை முழுக்க முகங்கள்.